பிழை ஒரே மாதிரி வருகிறதா?

மாங்குளம் சந்தியில் நின்று ஏ9 வீதியால் போகிற வாகனங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே ஸ்டிக்கர் வெட்டும் தொழில் எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பது தெரிந்துவிடும். பஸ்ஸின் முன்கண்ணாடியில் சாமி பெயர், ஆட்டோவின் பின்பக்கம் பிள்ளைகளின் பெயர், உழவு இயந்திரத்தின் பெட்டியில் சொந்தக்காரரின் பெயரும் ஊரும், புதுக் கடையின் கண்ணாடிக் கதவில் திறக்கும் நேரம். முன்பு பெயின்ட் வாளியும் தூரிகையுமாக ஒருவர் அரைநாள் குந்தியிருந்து எழுதிய வேலையை, இன்று ஒரு மேசையின் அகலம்கூட இல்லாத கட்டர் சில நிமிடங்களில் வெட்டித் தந்துவிடுகிறது. சீனாவில் செய்த மலிவான கட்டர்கள் வந்த பிறகு, பெரிய முதல் இல்லாத இளைஞர்களும் வீட்டு விறாந்தையில் வைத்தே இந்தத் தொழிலைத் தொடங்க முடிகிறது.

தொடங்கிச் சில மாதம் போனபின் கேட்டால் பலர் சொல்வது ஒன்றைத்தான்: "மிசின் சரியில்லை." எழுத்தின் மூலை மழுங்குகிறது. வட்டம் மூடவில்லை. நீளப் பலகையில் கடைசி எழுத்து மேலேறிப் போகிறது. பாதி வெட்டும்போது கத்தி குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிடுகிறது. ஒரு மீற்றர் கேட்டால் நாலு மில்லிமீற்றர் குறைகிறது. இந்த ஐந்தும் ஐந்து விதமான குறைகள். ஐந்துக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எல்லாவற்றையும் "சரியில்லை" என்று ஒன்றாகக் கட்டிவிட்டால் பிறகு இரண்டு வழிதான் மிஞ்சும். ஒன்று, இருக்கிற செற்றிங் அத்தனையையும் ஒரே இருப்பில் மாற்றிப் பார்ப்பது. மற்றது, லீசிங்கில் பெரிய மிசின் எடுப்பது. இரண்டுக்கும் போகுமுன் தெளிவாக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அளவுத்திருத்தம் செய்வது ஒரு வேலை. பழுது பார்ப்பது இன்னொரு வேலை. பலசரக்குக் கடைத் தராசை எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் அதைச் சோதித்து முத்திரை குத்துகிறது. எப்போது நிறுத்தாலும் ஒரு கிலோவுக்கு 20 கிராம் கூடக் காட்டும் தராசைத் திருத்திவிடலாம். ஒருமுறை 20 கிராம் கூடவும் மறுமுறை 30 கிராம் குறையவும் காட்டுகிற தராசில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. கழற்றிப் பார்த்து எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் வேண்டும். கட்டருக்கும் இதே கணக்குத்தான். திரும்பத் திரும்ப ஒரே அளவில் வரும் பிழையை எண்ணால் திருத்தலாம். மாறி மாறி வரும் பிழைக்கு எங்கோ ஒரு ஸ்குரூ தளர்ந்திருக்கும், றோலர் வழுக்கும், அல்லது கணினியிலிருந்து வரும் தகவல் வழியில் தொலையும். அங்கே எண்ணை மாற்றினால் இன்றைய பிழை மறைந்து நாளைக்கு வேறு உருவில் வரும்.

ஆகவே எந்தக் குறை வந்தாலும் முதலில் செய்யவேண்டியது, எதையும் தொடாமல் அதே படத்தை அதே ஸ்டிக்கரில் இன்னொரு தடவை வெட்டுவது. பிழை அதே இடத்தில் அதே அளவில் வருகிறதா? வந்தால் படத்தை ஐந்து சென்ரிமீற்றர் தள்ளிவைத்து மூன்றாம் தடவை வெட்டிப் பார்க்கலாம். படத்தோடு சேர்ந்து பிழையும் தள்ளிப்போனால் குறை படத்தில் இருக்கிறது, அல்லது கத்தியின் செற்றிங்கில் இருக்கிறது. படம் தள்ளியும் பிழை மிசினின் பழைய இடத்திலேயே நின்றால், கத்தி ஓடும் பாதையில் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் கத்திக்குக் கீழே கிடக்கும் வெள்ளைப் பட்டியில் பழைய வெட்டு ஒன்று பள்ளமாகியிருக்கும். மூன்று துண்டு ஸ்டிக்கர் வீணாகிறதே என்று தோன்றலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது ஸ்டிக்கர் றோலை அங்குலக் கணக்கில் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்புதான். ஆனாலும் கழிவுத் துண்டில் செய்கிற இந்தச் சோதனை, வாடிக்கையாளரின் பலகையில் போய்ப் பிழைப்பதைவிட எவ்வளவோ மலிவு.

இந்த மிசின் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குணம் விளங்கும். அடிப்படையில் இது கத்தி பிடித்த ஒரு பேனை. 1970களில் ஹியூலெட் பாக்கார்ட் நிறுவனம் வரைபடம் கீறும் பிளாட்டர்களுக்காக எச்.பி.ஜி.எல். என்ற கட்டளை மொழியை உருவாக்கியது. பி.யூ. என்றால் பேனையைத் தூக்கு, பி.டி. என்றால் பேனையை இறக்கு, பக்கத்தில் போகவேண்டிய இடத்தின் இரண்டு எண்கள். ஒரு மில்லிமீற்றருக்கு 40 அலகு என்ற கணக்கும் அந்த மொழியோடு வந்ததுதான். 1980களில் பேனை இருந்த இடத்தில் கத்தியை வைத்து எழுத்து வெட்டும் மிசின்கள் விற்பனைக்கு வந்தன. இன்று மலிவாகக் கிடைக்கும் கட்டர்களில் பெரும்பாலானவை இன்னும் அதே மொழியைத்தான் பேசுகின்றன. கத்தி கீழே இருக்கிறதா, ஸ்டிக்கர் வழுக்கியதா, வெட்டு விழுந்ததா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. ஜப்பானின் ரோலண்ட், கிராஃப்டெக், பெல்ஜியத்தின் சும்மா போன்ற நிறுவனங்களின் பெரிய மிசின்களில் மோட்டார் உண்மையில் எவ்வளவு சுற்றியது என்பதைத் திருப்பிச் சொல்லும் உணரி இருக்கும். மலிவான மிசினின் ஸ்டெப்பர் மோட்டாருக்கு அது இல்லை. நூறு படி போ என்றால் போகும். தொண்ணூற்றெட்டிலேயே தடக்கி நின்றாலும் நூறு போய்விட்டதாகவே அடுத்த கட்டளையைத் தொடங்கும். அந்த உணரியின் வேலையை இங்கே நாம் அடிமட்டத்தோடு செய்யவேண்டியிருக்கிறது.

முதலில் கத்தி. வருகிற முறைப்பாடுகளில் கூடுதலானவை இந்த ஒரு இடத்திலேயே தீர்ந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கத்தியைப் பிடியிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை வெளியே நீட்டிவிடுகிறார்கள், நன்றாக வெட்டட்டும் என்று. சாதாரண ஸ்டிக்கரின் தடிப்பு ஏறக்குறைய 0.08 மில்லிமீற்றர்தான். பசையும் அடிக்கடதாசியும் சேர்ந்தாலும் கால் மில்லிமீற்றரைச் சுற்றித்தான் வரும். கத்தி ஸ்டிக்கரை அறுத்து, அடிக்கடதாசியில் ஒரு கீறல் மட்டும் போட்டுவிட்டு நிற்கவேண்டும். பிடியின் வாயை விரல் நகத்தால் மெதுவாகத் தடவினால் நுனி தட்டுப்பட்டும் படாமலும் இருக்கவேண்டும். அவ்வளவு நீட்டினால் போதும். கூட நீட்டினால் கத்தி அடிக்கடதாசியையும் கிழித்து, கீழே உள்ள பட்டியில் புதைந்து, திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் இழுபடும். அந்த இழுவையில் மோட்டார் படி தவறும். பிறகு வட்டம் மூடவில்லை என்று மோட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

மிசினில் பூட்டுமுன் பிடியைக் கையில் எடுத்து, பேனை பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்து, கழிவு ஸ்டிக்கரில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. உரித்தால் சுத்தமாக வரவேண்டும். அடிக்கடதாசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கீறல் தெரியவேண்டும், ஓட்டை தெரியக்கூடாது. நீளத்தை இப்படித் தீர்மானித்த பின்புதான் அழுத்தம். சாதாரண ஸ்டிக்கருக்கு 80இலிருந்து 120 கிராம் வரை என்பது பொதுவான கணக்கு. மலிவான மிசினின் திரையில் தெரிகிற எண்ணை உண்மையான கிராமாக நம்பவேண்டாம். அது உங்கள் மிசினின் சொந்த எண். குறைவில் தொடங்கி, ஸ்டிக்கர் அறுகிற இடம்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். நேற்றுவரை 90இல் வெட்டியது இன்று 130 கேட்டால், கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். 150க்கு ஏற்றி இன்னும் ஒரு வாரம் ஓட்டுவது சிக்கனம்போலத் தோன்றும்; கத்தியின் விலையைவிடப் பட்டியும் ஸ்டிக்கரும் கூடுதலாகப் போகும்.

அடுத்தது ஓஃப்செற். அதிகம் பேர் தொடாத, தொட்டாலும் ஏன் என்று தெரியாமல் தொடுகிற எண் இதுதான். கத்தியின் நுனி அதன் அச்சுக்கு நேர் கீழே இல்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கிறது. பிடிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பெயரிங்கில் கத்தி தானாகச் சுழன்று, போகிற திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வழக்கமான 45 பாகைக் கத்தியில் இந்தத் தள்ளல் பெரும்பாலும் 0.25 மில்லிமீற்றர். மூலையில் திரும்பும்போது அச்சு மூலையைத் தாண்டி அவ்வளவு தூரம் போய்த் திரும்பினால்தான் நுனி மூலையைத் தொடும். மென்பொருளுக்கு அந்த எண்ணைச் சரியாகச் சொல்லாவிட்டால் மூலை கெடும். ஒரு சென்ரிமீற்றர் சதுரத்தை வெட்டி உரித்துப் பாருங்கள். மூலை உருண்டிருந்தால் எண் போதாது. மூலையில் சிறு கொம்பு முளைத்திருந்தால் எண் கூடிவிட்டது. 0.05 வீதம் மாற்றி மாற்றி, நாலு மூலையும் கூராகும்வரை வெட்டலாம். கட்டரிலும் ஓஃப்செற் இருந்து, மென்பொருளிலும் ஓஃப்செற் இருந்தால் இரண்டில் ஒன்றில் மட்டும் போடவேண்டும். இரண்டிலும் போட்டால் கொம்பு முளைக்கும். அதைக் கண்டு கத்தியை மாற்றியவர்களும் உண்டு.

வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சந்திக்காமல் போனால் ஓஃப்செற் ஒரு சந்தேக நபர் மட்டுமே. பிடியைக் கழற்றிப் பாருங்கள். பெயரிங்குக்குள் ஸ்டிக்கர்த் துகள் அடைத்திருந்தால் கத்தி சுழலாது. பிடியைப் பூட்டும் ஸ்குரூ தளர்ந்திருந்தால் பிடியே ஆடும். இந்த இரண்டும் பழுது, திருத்தியே ஆகவேண்டும். முடிவில் கொஞ்சம் கூட வெட்டச் சொல்லும் ஓவர்கட் என்ற செற்றிங் இருக்கிறது. அது நல்ல வசதிதான், ஆனால் ஆடுகிற பிடியை மறைக்க அதைப் பயன்படுத்துவது காய்ச்சலில் இருப்பவருக்குப் போர்வை போடுவதோடு நிறுத்திக்கொள்கிற வைத்தியம்.

சதுரமும் வட்டமும் சரியாக வந்த பிறகு எழுத்துக்குப் போகலாம். அதற்கு வேறு மாதிரி தேடவேண்டியதில்லை. மாங்குளம் என்ற ஊர்ப்பெயரையே வெட்டிப் பார்க்கலாம். ம, ங இரண்டிலும் நேரான மூலைகள். கு, ள இரண்டிலும் வளைவும் சுழியும். ங், ம் இரண்டின் தலையிலும் புள்ளி. கத்தியிடம் கேட்கவேண்டிய எல்லாக் கேள்வியும் அந்தப் பெயரில் இருக்கிறது. எழுத்தின் உயரத்தை 15 மில்லிமீற்றராகக் குறைத்தால் புள்ளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வட்டமாகிவிடும். அவ்வளவு சிறிய வட்டத்தில் கால் மில்லிமீற்றர் பின்தள்ளி வரும் நுனி சுற்றி முடிப்பதற்குள், பிடி தளர்ந்திருந்தால் புள்ளி முட்டையாகும். வேகம் கூடியிருந்தால் கத்தி புள்ளியைப் பெயர்த்துக்கொண்டே போய்விடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கண்ணுக்குத் தெரியாத குறை தமிழில் புள்ளியில் பிடிபடுவது இதனால்தான். சிங்கள எழுத்தில் நேர்கோடு அரிது, எல்லாம் வளைவு. அங்கே குறை வேறு விதமாக, வளைவு நெளிந்து பல்லுப் பல்லாகத் தெரியும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச அலுவலகப் பலகை என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரவேண்டும். எனவே வன்னியில் ஸ்டிக்கர் வெட்டுகிறவருக்கு ஒரே பலகையில் மூன்று விதமான பரீட்சை. வேகத்தைப் பாதியாகக் குறைப்பதுதான் இதற்கு நானறிந்த நல்ல வழி. நேரம் கொஞ்சம் போகும், புள்ளி நிற்கும்.

இனி, நீளமும் நேரும். ஒரு மீற்றர் கேட்டால் 996 மில்லிமீற்றர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவுத்திருத்தத்துக்கு அவசரப்படுமுன் அது வழுக்கலா, கணக்கா என்று பிரித்தறியவேண்டும். கத்தியைக் கழற்றிவிட்டுப் பேனையைப் பூட்டுங்கள். அநேகமான கட்டர்களோடு ஒரு பேனைப்பிடியும் வரும். உரித்தபின் மிஞ்சிய அடிக்கடதாசியே சோதனைக்குப் போதும், ஆனால் வழுவழுப்பான பக்கத்தில் மை நிற்காது, மறுபக்கத்தை மேலே போடவேண்டும். படத்தில் தொடக்கப் புள்ளியில் ஒரு சிலுவைக் குறி, அங்கிருந்து ஒரு மீற்றர்க் கோடு, பிறகு திரும்பி வந்து அதே தொடக்கப் புள்ளியில் இன்னொரு சிலுவைக் குறி. இரண்டு குறியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கடதாசி வழுக்கவில்லை. கோடு குறைவாக இருப்பது வெறும் கணக்குப் பிழை. குறிகள் விலகி நின்றால் வழுக்குகிறது. வழுக்கும் மிசினுக்கு அளவுத்திருத்தம் செய்யக்கூடாது.

வழுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மிசினுக்கு வெளியே கிடக்கும். முழு ஸ்டிக்கர் றோலின் பாரத்தையும் அந்தச் சின்ன மோட்டாரே இழுக்கவேண்டியதாக விட்டிருப்பார்கள். வெட்டப்போகும் நீளத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக முன்கூட்டியே உருட்டித் தளர விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பிறகு மேலே இருக்கும் ரப்பர் றோலர்கள், கீழே சுரசுரப்பாக இருக்கும் பகுதிக்கு நேர் மேலே நிற்கின்றனவா என்று பாருங்கள். அவை வழுவழுப்பான இடத்தில் நின்றால் பிடிப்பு எப்படி வரும்? வன்னியின் செம்மண் தூசியும் பசையும் சேர்ந்து அந்தச் சுரசுரப்பை அடைத்துவிடும். பழைய பல்தூரிகையால் ஈரமில்லாமல் தேய்த்தால் போதும். எண்ணெய் வேண்டாம். ரப்பரில் தின்னர் படவே கூடாது.

கடைசி எழுத்து மேலேறிப் போவதும் இந்தக் குடும்பத்துக் குறைதான். இரண்டு ரப்பர் றோலரில் ஒன்று மற்றதைவிட இறுக்கமாக அழுத்தினால், அல்லது ஸ்டிக்கரைச் சரிவாகப் பூட்டினால், ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஒரு இழை விலகி, ஒரு மீற்றர் போனபின் விலகல் கண்ணுக்குத் தெரியும். கத்தியை இறக்காமல் ஸ்டிக்கரை ஒரு மீற்றர் முன்னும் பின்னும் ஓடவிட்டு விளிம்பைக் கவனித்தால், வெட்டுமுன்பே விலகலைக் கண்டுவிடலாம்.

வழுக்கலும் விலகலும் போய்விட்டன, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் 996 வருகிறது என்றால் இப்போது அளவுத்திருத்தம். 1000ஐ 996ஆல் பிரித்தால் 1.00402. மென்பொருளில் அந்தத் திசைக்கான அளவு எண்ணை இதனால் பெருக்கவேண்டும். கத்திப் பிடியைத் தாங்கிக் குறுக்கே ஓடும் கத்திவண்டியின் திசையை வேறாக அளக்கவேண்டும்; அங்கே 300 கேட்டு 300.5 வந்தால் பெருக்கும் எண் 0.99834. இரண்டு திசையையும் ஒரே எண்ணால் திருத்த முடியாது. ஒன்றை றோலரின் சுற்றளவு தீர்மானிக்கிறது, மற்றதைக் கத்திவண்டியை இழுக்கும் பெல்ட்டும் பல்சக்கரமும் தீர்மானிக்கின்றன. 10 சென்ரிமீற்றர்க் கோட்டை வெட்டி அளந்து திருத்துவது பலர் செய்கிற காரியம், ஆனால் அதில் பயன் குறைவு. அடிமட்டத்தில் அரை மில்லிமீற்றரைப் பிழையாக வாசித்தால் 10 சென்ரிமீற்றரில் அது 0.5 வீதம்; ஒரு மீற்றரில் 0.05 வீதம்தான். இரும்பு ரேப்பால் அளக்கவேண்டும். தையற்காரரின் நாடா இழுபடும்.

மூலைமட்டம் பார்க்க மேசன்மார் அத்திவாரத்தில் போடும் மூன்று, நாலு, ஐந்து கணக்கே போதும். 300க்கு 400 மில்லிமீற்றர் செவ்வகம் கீறி இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தால் இரண்டும் 500 வரவேண்டும். ஒன்று 502, மற்றது 498 என்று வந்தால், கத்திவண்டி ஓடும் தண்டு ஸ்டிக்கர் நகரும் திசைக்குச் செங்குத்தாக இல்லை. இந்தப் பிழை ஒரே மாதிரி வந்தாலும் இதை எண்ணால் திருத்த முடியாது. தண்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைத் தளர்த்தி நேராக்கவேண்டும், மின்சாரத்தைக் கழற்றிவிட்டுத்தான்.

இவ்வளவும் ஒவ்வொரு வேலைக்கும் வேண்டுமா என்றால், இல்லை. பஸ் கண்ணாடியில் ஒரு மீற்றர்ப் பெயர் நாலு மில்லிமீற்றர் குறைந்தால் கடவுளுக்கும் தெரியாது. பாடசாலை இலச்சினை ஒன்றின் வட்டம் முட்டையானால் வீதியில் போகிற எல்லாருக்கும் தெரியும். பெரிய பலகையை இரண்டு துண்டாக வெட்டி ஒட்டும்போதும் அளவு பொருந்தாவிட்டால் நடுவில் பிளவு தெரியும். அப்படிப்பட்ட வேலை செய்கிறவர் திருத்தட்டும். மற்றவர்கள் கத்தியோடு நிறுத்திக்கொண்டாலும் குற்றமில்லை.

கத்தி திடீரென்று குறுக்கே கோடு இழுப்பதுதான் ஆட்களை ஆகக் கூடுதலாகப் பயமுறுத்துகிறது. மதர்போர்ட் போய்விட்டது என்று முடிவுகட்டி மிசினைக் கொழும்புக்கு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். நடப்பது இதுதான். பழைய முறையில் கணினியோடு பேசும் கட்டர்கள் பெரும்பாலும் விநாடிக்கு 9600 பிற் வேகத்தில் இயங்குகின்றன. ஒரு எழுத்தை அனுப்ப 10 பிற் என்றால் விநாடிக்கு 960 எழுத்து. கத்தி போகவேண்டிய ஓர் இடத்தைச் சொல்ல ஏறக்குறைய 13 எழுத்து வேண்டும். ஆக, விநாடிக்கு எழுபது சொச்சம் இடங்கள். கட்டரின் நினைவகம் நிரம்பினால் "கொஞ்சம் பொறு" என்று அது கணினிக்குச் சமிக்ஞை கொடுக்கும். அந்தச் சமிக்ஞையைக் கவனிக்கச் சொல்லும் ஃப்ளோ கொன்ட்ரோல் என்ற செற்றிங் கணினியில் பிழையாக இருந்தால், கணினி கேளாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நினைவகத்தில் இடமில்லாத எழுத்துகள் தொலையும். 12345 என்ற எண்ணில் 3 தொலைந்தால் 1245. 308.6 மில்லிமீற்றரில் நிற்கவேண்டிய கத்தி, இறங்கிய நிலையிலேயே 31.1 மில்லிமீற்றருக்குப் பாயும். குறுக்கே விழுந்த கோடு அதுதான். சிறிய பெயர் வெட்டும்போது வராமல் பெரிய படத்தின் நடுவில் மட்டும் வருவதற்கும் இதுவே காரணம், ஏனென்றால் சிறிய படம் நினைவகத்தை நிரப்பாது.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கிலேயே விளங்கும். இணையத்தில் எடுத்த படத்தை மென்பொருளில் தானாகக் கோடாக மாற்றினால், ஒரு வளைவுக்கே நூற்றுக்கணக்கான புள்ளிகள் வந்துவிடும். விநாடிக்கு எழுபது இடம் மட்டுமே கேட்கக்கூடிய கட்டர் அங்கே விக்கி விக்கி வெட்டும், ஓரம் பல்லாகும். மோட்டாரில் குறையில்லை, புள்ளிகளைக் குறைத்தால் ஓரம் வழுவழுப்பாகும்.

கணினி கட்டரைக் காணவே இல்லை என்றால், யூ.எஸ்.பி. வயரை வேறு துளையில் செருகியதால் கணினி கட்டருக்குக் கொடுத்திருந்த கொம் போர்ட் எண் மாறியிருக்கும். பழைய துளைக்கே மாற்றினால் சரி. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் யூ.எஸ்.பி.யை இடையில் உறங்கவைக்கும் செற்றிங்கை நிறுத்திவிடவேண்டும். வயர் நீளமாக வேண்டாம், இரண்டு மீற்றருக்குள் இருக்கட்டும். எர்த் இல்லாத பிளக்கில் கட்டரை ஓட்டுவது ஆபத்து மட்டுமல்ல. சோளகம் வீசும் வறண்ட நாட்களில் ஸ்டிக்கரை உருட்டும்போது உண்டாகும் நிலைமின்னும் போக வழியில்லாமல் கணினி இணைப்பைக் குழப்பும். பக்கத்தில் வெல்டிங் நடக்கிற கடை என்றால் கட்டரையும் கணினியையும் ஒரே யூ.பி.எஸ்.இல் போடுவது நல்லது. இடையில் கரண்ட் போய் வந்தால் கட்டர் தன் தொடக்கப் புள்ளியை மறந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

எழுத்துருவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் மிசினின்மேல் சுமத்தப்படும் பழி இங்கேயும் நிறைய. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுத்தும் அதன் விசிறியும் கொம்பும் தனித்தனித் துண்டுகள். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். கத்தி இரண்டையும் வெட்டும். உரிக்கும்போது 'கி' இரண்டாக உடைந்து வரும். எழுத்தைக் கோடாக மாற்றி, இங்க்ஸ்கேப்பில் யூனியன், கோரல்டிராவில் வெல்ட் என்ற கட்டளையால் இணைத்துவிட்டு, நிறத்தை எடுத்துக் கோடு மட்டும் தெரியும் பார்வையில் ஒருதரம் பார்த்தால் போதும். கைத்தொலைபேசியில் வாடிக்கையாளர் அனுப்பும் யுனிகோட் தமிழைக் கட்டரோடு வந்த பழைய மென்பொருளில் நேரே ஒட்டினால் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அதையும் இங்க்ஸ்கேப்பில் கோடாக மாற்றியே கொண்டுபோகவேண்டும்.

மலிவான கட்டரால் உண்மையிலேயே முடியாதவையும் உண்டு. நாலைந்து மீற்றர் நீளத்தைத் தொடர்ந்து நேராக வெட்டுவது, அச்சடித்த ஸ்டிக்கரின் ஓரத்தை மயிரிழை பிசகாமல் சுற்றி வெட்டுவது, பத்து மில்லிமீற்றருக்கும் சிறிய தமிழ் எழுத்து, வீதிப் பலகைக்கான தடித்த ஒளிர் ஸ்டிக்கரை நாள் முழுக்க வெட்டுவது. இவற்றை எந்த அளவுத்திருத்தமும் தராது. அப்படி ஒரு வேலை வந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பெரிய மிசின் வைத்திருப்பவரிடம் வெட்டி எடுத்து, ஒட்டும் கூலியைத் தான் வைத்துக்கொள்வது மரியாதையான வழி. அதற்காகவே லீசிங் எடுக்கத் தூண்டுகிறவர்களிடம், மாதத்தில் அப்படி எத்தனை வேலை வருகிறது என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டியிருப்பதால் இரண்டு கத்தியும் ஒரு வெள்ளைப் பட்டியும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். சரியாக வந்த எண்களை, திகதியோடு, கட்டரின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கராகவே வெட்டி ஒட்டிவிடலாம்: கத்தியின் பாகை, அழுத்தம், ஓஃப்செற், இரண்டு திசைக்குமான பெருக்கும் எண். கத்தியை மாற்றினால் அழுத்தத்தையும் ஓஃப்செற்றையும் மறுபடி பார்க்கவேண்டும். கட்டரை இடம் மாற்றினால் செவ்வகத்தின் மூலைவிட்டங்களை. ஐப்பசி மழை தொடங்கினால் அடிக்கடதாசி ஈரத்தை இழுத்து நெளியும், ஸ்டிக்கர் நெளியாது, இரண்டும் பிரிந்து குமிழ் எழும்பும். அந்த மாதங்களில் றோலைப் பொலித்தீன் உறையில் நிமிர்த்தி வைத்து, வெட்டுமுன் விளிம்பு விலகுகிறதா என்று ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். ஒரு மீற்றர்க் கணக்கை மட்டும், றோலரோ மோட்டாரோ மாற்றினாலொழிய, மறுபடி தொடவேண்டியிராது.